பேச்சு கிடையாது

ஜூன் 3

ஜெராக்ஸ் கடை மாடியில் பாடம் நடத்தும் டீச்சருக்கு,

நான் கண்டக்டரின் மனைவி எழுதுகிறேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் கடைசிவரை படியுங்கள்.

என் வீட்டுக்காரர் போன மாதம் பஸ்ஸிலேயே போய்விட்டார். கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகும் பின் சீட்டில் சாய்ந்தபடியே இருந்திருக்கிறார். அசதியில் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்து, டிரைவர் அண்ணன் முகம் கழுவிவிட்டு வந்துதான் எழுப்பியிருக்கிறார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதானே வந்தீர்கள்.

வீடு நிறைய ஆட்கள் இருந்த நேரத்தில் வந்தீர்கள். கையில் கறுப்புக் குடை. வாசல் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதீர்கள். நான் உள் அறையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். என் ஓரகத்திதான் வந்து காதில் சொன்னாள்.

"யாருடி அது? கட்டினவ நீ கல்லாட்டம் உக்காந்திருக்க, அவ அங்க குடம் குடமா கொட்டுறா."

எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. நான் அழ வேண்டியதை நீங்கள் வந்து அழுதுவிட்டுப் போய்விட்டது மாதிரி இருக்கிறது.

டிரைவர் அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். "எனக்கென்னம்மா தெரியும்" என்றார். விடவில்லை. அப்புறம்தான், "செவ்வாயும் வியாழனும் டியூட்டி முடிஞ்சி டீச்சரம்மா பாடம் நடத்துற மாடிக்குப் போவாரு. தப்பா எல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி" என்றார். தப்பாக ஒன்றுமில்லை என்று ஒரு ஆண்பிள்ளை எப்போது சொல்வான்? அந்தப் பேச்சு வந்தபோதுதான் சொல்வான்.

நீங்கள் யார்? என் வீட்டுக்காரருக்கு நீங்கள் என்ன முறை? எந்த முறையில் அழுதீர்கள்? எழுதுங்கள்.

கண்டக்டரின் மனைவி


ஜூன் 9

அன்புள்ள அம்மா,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன்.

தங்கள் கணவர் என் மாணவர். வேலையில் இருந்துகொண்டே துறைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு நான் மாலையில் மொழிப்பாடம் நடத்துகிறேன். வாட்ச்மேன், மருத்துவமனை ஆயா, அலுவலக உதவியாளர் என்று பலரும் வருவார்கள். தங்கள் கணவர் டைம் கீப்பர் பதவிக்கான தேர்வுக்குப் படித்தார். நின்று நின்று முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி உட்கார்ந்து பார்க்கிற வேலை வேண்டும் என்றார். மொழித்தாளில் 'வாக்கியப் பிழை திருத்துக' என்று ஒரு பகுதி வரும். முன்பு ஒருமுறை அதில்தான் தோற்றிருக்கிறார்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்பதால் நானே சொல்கிறேன். அந்த முறை தோற்றதும் அவருடைய அண்ணன் வீட்டில், "டைம் கீப்பர் வர்றாரு, மணி என்னன்னு கேளுங்க" என்று கேலி செய்தார்களாம். "இந்தத் தடவ ஜெயிச்சிட்டுத்தான் சொல்லுவேன் டீச்சர். அப்ப அவ மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்" என்றார். 'அவ' என்றது தங்களை.

தேர்வுக்கு முன்பே ஒரு மாணவர் இறந்துபோவது எனக்கு இதுவே முதல் தடவை. அதனால் அழுதேன். வேறு முறை எதுவும் இல்லை.

தங்கள்,
டீச்சர்


ஜூன் 14

டீச்சருக்கு,

என்னை அம்மா என்று எழுதாதீர்கள். டிரைவர் அண்ணன் சொன்ன கணக்குக்கு நான் உங்களைவிடச் சின்னவள்.

டபுள் டியூட்டி என்று சொன்னார். செவ்வாயும் வியாழனும் டபுள் டியூட்டி. ஐயோ பாவம், இந்த மனுஷன் நமக்காக இப்படி உழைக்கிறாரே என்று எண்ணெயைச் சுடவைத்து முழங்காலுக்குத் தேய்த்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து வந்த காலுக்கு! அவரும் "ஆ, அங்கதான், அங்கதான்" என்று காட்டிக்கொண்டு இருந்தார். கள்ளன்.

ஜெயித்துவிட்டுச் சொல்வதாக இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு இளகியது. அப்புறம் யோசித்தேன். என் முகம் எப்படிப் போகும் என்று உங்களிடம் பேசியிருக்கிறார். என்னைப் பற்றி என்னிடம் பேசாததை உங்களிடம் பேசியிருக்கிறார். அது எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று. டிரைவர் அண்ணன் வாயிலிருந்து அதுவும் வந்துவிட்டது. நீங்கள் அவர் பஸ்ஸில்தான் வருவீர்களாம். நீங்கள் ஏறுகிற ஸ்டாப் வருவதற்குள் முன் சீட்டில் தன் பையை வைத்து இடம் பிடித்து வைப்பாராம். "டீச்சர் ஏறுவாங்க, உக்காராதீங்க" என்பாராம்.

நான் அவர் பஸ்ஸில் ஏறினால் என்ன நடக்கும் தெரியுமா? காலி சீட் இருந்தாலும் நிற்கச் சொல்வார். "கண்டக்டர் பொண்டாட்டி சொகுசா உக்காந்து வர்றான்னு நாலு பேரு சொல்லுவான்" என்பார். டிக்கெட்டையும் கிழித்துக் கையில் கொடுப்பார். பதினெட்டு வருஷமாக நின்றுகொண்டே போனவள் நான். நீங்கள் யார் முன் சீட்டில் உட்கார?

அப்படி என்னதான் பாடம் அது? வாரத்தில் இரண்டு சாயங்காலம் போய்ப் படிக்கிற அளவுக்கு? எனக்கும் சொல்லுங்கள். நான் பேக்கரியில் ரொட்டிப் பாக்கெட் ஒட்டுகிறவள்தான், ஆனால் சொன்னால் புரியாத அளவுக்கு மக்கு இல்லை.

கண்டக்டரின் மனைவி


ஜூன் 22

அன்புள்ள தங்கைக்கு,

அந்த சீட்டில் நானும் டிக்கெட் வாங்கித்தான் உட்கார்ந்தேன். ஒருநாளும் இலவசமாக வந்ததில்லை. இதைத் தாங்கள் நம்ப வேண்டும்.

பாடம் கேட்டீர்கள். சொல்கிறேன்.

அதற்கு இணை அமைப்பு என்று பெயர். ஒரு வாக்கியத்தில் இரண்டு மூன்று விஷயங்கள் வரிசையாக வந்தால் எல்லாம் ஒரே உருவத்தில் வர வேண்டும். தேர்வில் இப்படிக் கேட்பார்கள்: 'காவலர் கதவைத் திறந்தார், விளக்கை ஏற்றினார், பெயரைப் பதிவு.' கடைசித் துண்டுக்குக் கீழே கோடு போட்டிருக்கும். திறந்தார், ஏற்றினார் என்று வந்த பிறகு 'பதிவு' என்று நிற்கலாமா? 'பதிந்தார்' என்று வர வேண்டும். கீழே அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடை கொடுத்திருப்பார்கள். ஈ எப்போதும் 'பிழை இல்லை'. அவசரக்காரர்கள் அதில்தான் விழுவார்கள். ஏனென்றால் நாம் பேசும்போது அப்படித்தான் பேசுகிறோம். காதுக்குச் சரியாகவே கேட்கும். அதனால் காதை நம்பாதீர்கள், வரிசையில் முதலில் நிற்பது எந்த உருவம் என்று கண்ணால் பாருங்கள் என்பேன்.

இதை நான் எத்தனையோ வருடமாக இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கள் கணவர்தான் ஒருநாள் எழுந்து, "அதாவது டீச்சர், எல்லாரும் உள்ள ஒழுங்கா நிக்கிறாங்க, ஒருத்தன் மட்டும் ஃபுட்போர்டுல தொங்குறான். அவன உள்ள இழுத்துப் போடணும், அவ்ளோதான?" என்றார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அந்தப் பிழைக்கு ஃபுட்போர்டு என்றுதான் பெயர்.

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் நடப்பதை வைத்து, வேண்டுமென்றே ஒரு பிழையோடு ஒரு வாக்கியம் எழுதிவர வேண்டும். மற்றவர்கள் திருத்துவார்கள். வாட்ச்மேன் தன் மாமனாரைப் பற்றி எழுதுவார். ஆயா தன் மருமகளைத் திட்டி எழுதுவார். தங்கள் கணவர் தங்களைப் பற்றித்தான் எழுதுவார். வேறு எதைப் பற்றியும் எழுதியதில்லை.

எனக்கு நினைவில் இருப்பவற்றைத் தருகிறேன்.

'என் மனைவிக்கு மழை பிடிக்கும், தூங்கப் பிடிக்கும், என் அண்ணியைப் பிடிக்காது.'

(இதில் மூன்றாவதுதான் பிழை என்று பாதி வகுப்பு சண்டை போட்டது. இல்லை, 'தூக்கம்' என்று வர வேண்டும், அவ்வளவுதான்.)

'எது கேட்டாலும் அவள் ஒன்று சிரிப்பாள், அல்லது முறைப்பு.'

'ஒன்று', 'அல்லது' என்று சோடியாக வந்தால் இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும். சிரிப்பாள் என்றால் முறைப்பாள்.

ஒப்பிட்டுச் சொல்லும்போதும் அப்படித்தான். ஒரே இனத்தைத்தான் ஒப்பிட வேண்டும். அதற்கு அவர் எழுதியது: 'பேக்கரி ரொட்டியின் வாசனை என் மனைவியைவிடக் குறைவு.' வாசனையை ஆளோடு ஒப்பிடக்கூடாது. 'என் மனைவியின் மேல் வரும் வாசனையைவிட' என்று நான் திருத்தினேன்.

எல்லாவற்றிலும் சிறந்தது இது. இதை நான் இப்போதும் புது வகுப்பில் முதல் உதாரணமாக எழுதுகிறேன்:

'கோபம் வந்தால் என் மனைவி பாத்திரம் கழுவுவாள், துணி துவைப்பாள், பேச்சு கிடையாது.'

விடை: பேச மாட்டாள்.

டீச்சர்


ஜூன் 27

டீச்சருக்கு,

தங்கை என்றும் வேண்டாம்.

என் மேல் வரும் வாசனையைத் திருத்த நீங்கள் யார்? அதை அந்த வாட்ச்மேனும் ஆயாவும் பார்த்தார்களா? பலகையில் எழுதிப் போட்டீர்களா? பேக்கரியிலிருந்து வந்ததும் குளிக்கப் போனால், "இரு, அப்புறம் குளி" என்பார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஓரகத்தியிடம்கூடச் சொன்னதில்லை. அதை நீங்கள் சாக்பீஸ் கையோடு வைத்துக்கொண்டு எது இனம் எது இனமில்லை என்று பார்த்திருக்கிறீர்கள்.

ஒரே இனத்தைத்தான் ஒப்பிட வேண்டும் என்று எழுதினீர்களே, நல்லது. உங்கள் செவ்வாய் வியாழனை என் பதினெட்டு வருஷத்தோடு ஒப்பிடாதீர்கள்.

பதில் எழுத வேண்டாம். எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.


ஜூலை 8

கண்டக்டரின் மனைவிக்கு,

வேறு எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கையெழுத்துப் போடுகிறபடியே எழுதுகிறேன்.

வாசனை வாக்கியத்தை நான் பலகையில் எழுதவில்லை. அதை அவர் தாளில் எழுதி என்னிடம் மட்டும் தந்தார். இப்படிச் சொன்னால் உங்களுக்கு இன்னும் கோபம் வரும் என்று தெரியும். ஆனாலும் நடந்தது அதுதான்.

நேற்று மாலை புதிய வகுப்பு ஆரம்பம். பல முகங்கள் எனக்குப் பழக்கமில்லை. பழையவர்களில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். வழக்கம்போல, "இது ஒரு மாணவர் எழுதினது, எது பிழை பாருங்க" என்று 'பேச்சு கிடையாது' வாக்கியத்தை எழுதினேன். சிரித்தார்கள். "அந்தம்மா கழுவுற வேகத்துல பாத்திரமெல்லாம் ஓட்டையாயிருக்கும்" என்று ஒருவர் சொன்னார். நானும் சிரித்தேன். மன்னியுங்கள், அந்த இடத்தில் எப்போதும் சிரிப்போம்.

பின் பெஞ்சில் ஒரு பெண் சிரிக்காமல் இருந்தார். புதிதாகச் சேர வந்தவர், கூச்சப்படுகிறார் என்று நினைத்து அவரையே கேட்டேன்.

"நீங்க சொல்லுங்க, பின்னாடி இருக்கிறவங்க. அ-வா, ஆ-வா, இ-யா, ஈ-யா?"

அவர் எழுந்து நின்றார். பலகையை நீண்ட நேரம் பார்த்தார்.

"ஈ" என்றார். "தப்பு ஒண்ணுமில்ல."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். "அவசரப்படக்கூடாதும்மா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு நான் திரும்பி, பலகையைத் துடைத்து, திருத்தி எழுதினேன். மறுபடி பார்க்கும்போது பின் பெஞ்ச் காலி.

வகுப்பு முடிந்து ஜன்னலைச் சாத்தப் பின் பெஞ்ச் வரை போனேன். அங்கே போய் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் இன்னும் ரொட்டி வாசனை இருந்தது. வாசனை பற்றி உங்கள் கணவர் எழுதியதை நான் திருத்தியிருக்கக் கூடாது.

நீங்கள்தானே?

டீச்சர்


ஜூலை 15

டீச்சருக்கு,

நான்தான்.

நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். வேலை முடிந்து நேராக வந்தேன். படியேறும்போதே ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஏறினேன். மேலே வந்தால், உங்கள் அறை நான் நினைத்த மாதிரி இல்லை. கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, கால் ஆடுகிற பெஞ்சுகள், கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம். எல்லோரும் என்னைப் போலவே வேலை முடித்து அழுக்குத் துணியோடு வந்திருந்தார்கள். ஒருவர் ஷூவைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் யாரும் சல்லாபம் பண்ண முடியாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதுவும் கோபமாக இருந்தது. கோபப்படுவதற்குக்கூட நீங்கள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று பார்த்தேன். ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. வீட்டில் எந்த மூலையில் எப்படிச் சாய்வார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அங்கே எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். அந்த வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

அப்புறம் நீங்கள் அதை எழுதினீர்கள்.

பாத்திரம் கழுவுகிறவள் நான்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தபடியே என்னைப் பற்றிச் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நீங்கள் டஸ்டரை எடுத்து 'பேச்சு கிடையாது' என்பதைத் துடைத்தீர்கள். டீச்சர், அவர் வாயில் 'பேச மாட்டாள்' என்பது வராது. காலையிலிருந்து ராத்திரிவரை 'இடம் கிடையாது', 'சில்லறை கிடையாது', 'அங்கெல்லாம் நிக்காது' என்றே கத்திக் கத்திப் பழகிய வாய். வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். நான் கோபமாக இருந்தால் சமையலறை வாசலில் வந்து நின்று, "இன்னைக்கு இந்த வண்டியில பேச்சு கிடையாது போல" என்பார். பலகையில் அவர் குரலே எழுதியிருந்தது. அதை நீங்கள் துடைத்ததும் சாக்பீஸ் தூளாகக் கீழே விழுந்தது.

எனக்கு அழுகை வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து, "மேல பெயிலாக்கிட்டாங்களாம்மா? பரவால்ல, அடுத்த தடவ எழுதலாம்" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதனால் இரண்டு விஷயம். ஒன்று, அந்த வாக்கியத்தை இனி உங்கள் வகுப்பில் எழுதக்கூடாது. அது என்னுடையது.

இரண்டு. மாணவர் இறந்தார், அதனால் அழுதேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் உங்களை அன்று பார்க்கவில்லை, ஆனால் அழுகைச் சத்தம் உள் அறை வரை கேட்டது. டீச்சர் மாணவருக்காக அப்படி அழமாட்டார்கள். உங்களுக்கு அவரைப் பிடிக்குமா? உண்டு, இல்லை, ஏதாவது ஒன்று எழுதுங்கள். நாலு விடை எனக்கு வேண்டாம்.

கண்டக்டரின் மனைவி


ஜூலை 28

கண்டக்டரின் மனைவிக்கு,

உண்டு.

இந்த ஒரு சொல்லை எழுதத்தான் இவ்வளவு தாமதம். இதை எழுதிவிட்ட பிறகு மற்றதை எழுதுவது சுலபமாக இருக்கிறது.

அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது, ஏனென்றால் வாரத்துக்கு இரண்டு தடவை அவர் உங்களைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் மாடியேறுவார். நீங்கள் என் மேல் பொறாமைப்பட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னை என்னவென்று சொல்வது? முகம் தெரியாத ஒருத்தி என் பலகையில் பாத்திரம் கழுவினாள், துணி துவைத்தாள், மழையில் நின்றாள், முறைத்தாள். நான் அவளைத் திருத்திக்கொண்டே இருந்தேன். மூன்றாவது துண்டை மாற்றினேன், இரண்டாவது துண்டை மாற்றினேன். எத்தனை திருத்தினாலும் அவள் அப்படியே இருந்தாள். வாசனை பற்றி எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் சிவப்பு மையால் கோடு போடும்போது எனக்கு எப்படி இருந்தது என்பதை உங்களிடம் சொல்ல மாட்டேன்.

அவர் தன் மனைவியைப் பற்றி மட்டுமே எழுதினார் என்று முன்பு சொன்னேன். அது முழு உண்மை இல்லை. ஒரே ஒருமுறை என்னைப் பற்றி எழுதினார். "இன்னைக்கு ஒரு மாத்தத்துக்கு உங்களப் பத்தி டீச்சர்" என்று சிரித்தபடி எழுந்து படித்தார்.

'டீச்சர் பொறுமையாகச் சொல்லித்தருவார், புரியாவிட்டால் திரும்பச் சொல்வார், வீட்டில் யாரும் இல்லை.'

ஆயா அவரை முழங்கையால் இடித்தார். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. பிழை சரியாக வந்திருக்கிறதா என்றுதான் என் முகத்தைப் பார்த்தார். சரியாகத்தான் வந்திருந்தது. 'தனியே வாழ்வார்' என்று திருத்தினேன். சரி என்று குறி போட்டேன். அந்த முன் சீட்டும் அதே கணக்குதான். கூட உட்கார ஆளில்லாதவளுக்கு ஒரு சீட்டாவது இருக்கட்டும் என்று. பரிதாபம். அதை இடம் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான்.

உங்கள் வாக்கியத்தை நிறுத்திவிட்டேன். காவலர் கதவைத் திறந்தார் என்ற பழைய உதாரணத்தைப் போடுகிறேன். யாரும் சிரிப்பதில்லை. பாதிப் பேருக்குப் புரிவதும் இல்லை. பரவாயில்லை.

ஒன்று கேட்கலாமா? கேட்கக் கூடாது என்று தெரியும். நான் அவரை மாலையில் மட்டுமே பார்த்திருக்கிறேன், சட்டை கசங்கி, குரல் கட்டி, நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்த ஆளாக. காலையில் அவர் எப்படி இருப்பார்?

டீச்சர்


ஆகஸ்ட் 5

டீச்சருக்கு,

முதல் சொல்லைப் படித்ததும் தாளை மடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அன்று நான் ஒட்டிய ரொட்டிப் பாக்கெட் எல்லாம் கோணல். சூப்பர்வைசர், "என்ன, இன்னைக்குக் கண்ணு வீட்டுல இருக்கா?" என்றார். ஆமாம், கண் வீட்டில் அந்தத் தாளில்தான் இருந்தது. சாயங்காலம் வந்துதான் மீதியைப் படித்தேன்.

இல்லை என்று எழுதியிருந்தால் உங்களை நம்பியிருக்க மாட்டேன். உண்டு என்று எழுதியதால் வெறுக்க வேண்டும். முயன்று பார்த்தேன். பாதிதான் வருகிறது.

அவர் உங்களுக்காகப் பரிதாபப்பட்டாரே, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வெறும் பரிதாபம்தானே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என் மேல் அவர் ஒருநாளும் பரிதாபப்பட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தால்கூட, "எந்திரி எந்திரி, டெர்மினஸ் இன்னும் வரல" என்பார். யாருக்கு எது கிடைத்தது என்று பார்க்கப் போனால் எனக்குத் தலை சுற்றுகிறது. அதனால் பார்ப்பதை விட்டுவிட்டேன். முழுக்க விடவில்லை. பேக்கரியில் கை தன்பாட்டுக்கு வேலை செய்யும்போது மறுபடி வந்துவிடுகிறது.

உங்களைப் பற்றி எழுதினதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதை நான் கேட்கவில்லை.

என் வாக்கியத்தை மறுபடி வகுப்பில் எழுதலாம். புரியாமல் நாலு பேர் பெயிலானால் அந்தப் பாவம் எனக்கு எதற்கு. ஆனால் ஒரு மாணவர் எழுதியது என்று சொல்லாதீர்கள், கண்டக்டர் எழுதியது என்று சொல்லுங்கள். அவர் எழுதியதைத் துடைக்காதீர்கள். உங்கள் விடையை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள், பலகையில் நிறைய இடம் இருக்கிறது, நானே பார்த்தேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

காலையில் எப்படி இருப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க உங்களுக்குத் துணிச்சல்தான்.

ஒன்று சொல்கிறேன். தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரி, பையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்குவார். தெருமுனை திரும்புகிற இடத்தில் நின்று, பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதுவார். பஸ்ஸும் இருக்காது, பயணியும் இருக்காது. தனக்குத்தானே ரைட் கொடுத்துக்கொண்டு கிளம்புவார். எதிர்வீட்டுத் தாத்தா பல் தேய்த்தபடியே, "போலாம் போலாம்" என்று கத்துவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குத்தான் ஓட்டம் பிடிக்கும். இப்போது அந்தப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போகின்றன.

இதைச் சொன்னதால் மனம் இரங்கிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். இது எங்கள் தெருவுக்கே தெரியும், அதனால்தான் சொன்னேன். விசில் ஊதுவதற்கு முன்னால், கதவுக்கு இந்தப் பக்கம் நடப்பது தெருவுக்குத் தெரியாது. அது நிறைய இருக்கிறது.

அதை நீங்கள் கேட்கவும் கூடாது, நான் சொல்லவும் மாட்டேன்.

கண்டக்டரின் மனைவி